புஞ்சு

கையேட்டக்காவுக்கு யாரையும் சட்டென்று நம்பிவிடும் பழக்கம் கிடையாது. லிஃப்ட் சரியாகிவிட்டது என்று காவலாளி சொன்னால், முதலில் அவரையே ஒரு தடவை மேலே போய்வரச் சொல்லிவிட்டுத்தான் தான் ஏறுவாள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பாள். பார்த்த பிறகு, அந்தத் தேதியை யாராவது மாற்றி அச்சடித்திருப்பார்களோ என்று நகத்தால் சுரண்டியும் பார்ப்பாள். கூடப் பிறந்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். சந்தேகப்படுகிற ஆள் இல்லாவிட்டால் உலகத்தில் கையேடு எதற்கு என்பாள்.

கையேடு எழுதுவதுதான் அவள் தொழில். பெயரும் அதனால் வந்ததுதான். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எழுதியிருக்கிறாள், அழைப்பு மணிக்கு எழுதியிருக்கிறாள், முதுகைப் பிடித்துவிடும் நாற்காலி ஒன்றுக்குக்கூட எழுதியிருக்கிறாள். கடைசியில் இந்த மென்பொருள் கம்பெனியில் வந்து உட்கார்ந்தாள். கடைக்காரர்கள், மருத்துவர்கள், ஜிம் நடத்துகிறவர்கள் எல்லாரும் இப்போது சமூக ஊடகத்தில் ஆளுக்கொரு பக்கம் வைத்திருக்கிறார்கள் அல்லவா? அந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், யார் என்ன கருத்து எழுதினார்கள், மனம் குளிர்ந்து எழுதினார்களா, வயிற்றெரிச்சலில் எழுதினார்களா என்று கணக்கெடுத்துச் சொல்வதுதான் இவர்கள் செய்யும் கருவி. மூன்று வருடத்துக்கு முன்னால் அதற்கு ஒரு தடிமனான கையேடு எழுதிக் கொடுத்தாள். உள்ளே படங்கள் வேண்டுமென்று தன் தங்கையின் கடைப் பக்கத்தை இணைத்து, அதையே படம் பிடித்துப் போட்டாள். யாரும் படிக்கவில்லை. பிழை திருத்த வந்தவரைத் தவிர ஒருவரும் படிக்கவில்லை. அவரும் பாதியில் தூங்கிவிட்டதாகக் கேள்வி.

அவள் குழுவின் தலைவருக்குப் பட்டப்பெயர் அப்டேட். காலையில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக 'என்ன அப்டேட்?' என்று கேட்கிற மனிதர். அவர் ஒரு நாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, இனிமே நம்ம கருவியை மனுஷங்க தொடப்போறதில்ல. ஏஐ ஏஜென்ட்தான் தொடப்போகுது. கடைக்காரர் 'என் பக்கத்தைப் பாத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். இணைக்கிறது, எண்ணுறது, அறிக்கை குடுக்கிறது எல்லாம் அதுவே பண்ணிக்கும். ஆனா கருவியை எப்படி இயக்கணும்னு அதுக்கு யாராவது சொல்லணுமே? உங்க கையேட்டை அதுக்குத் தோதா மாத்திக் குடுங்க."

"அது படிக்குமா?"

"ஒரு எழுத்து விடாம படிக்கும்."

கையேட்டக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடம் எழுதியதற்கு ஒரு வாசகர் கிடைத்துவிட்டார், அது மனிதராக இல்லாவிட்டால்தான் என்ன?

"ஆனா ஒண்ணு," என்றார் அப்டேட். "இந்த வழவழா கொழகொழா எதுவும் இருக்கக் கூடாது. போல, மாதிரி, ஏதாவது, வேணும்னா, முடிஞ்சா, இதையெல்லாம் பாத்தா அது சொந்தமா யோசிக்க ஆரம்பிச்சிடும். போன மாசம் ஒரு எடத்துல 'இது போல ஒரு வாழ்த்து அனுப்பவும்'னு இருந்துச்சு. பல் டாக்டர் ஒருத்தர் பேர்ல 'உங்கள் பற்கள் உதிரும்வரை நலமாக வாழ்க'ன்னு அனுப்பிடுச்சு. அந்த டாக்டர் என்னைப் போட்டு வாட்டி எடுத்துட்டாரு. அதனால எது செய்யணுமோ அதை மட்டும், நறுக்குனு."

நறுக்கென்றுதானே? அதைவிட என்ன வேலை! கையேட்டக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். தேடு, நீக்கு, தேடு, நீக்கு. 'போல' போனது, 'மாதிரி' போனது, 'வேண்டுமானால்' போனது. ஏஜென்ட்டுக்குப் படம் தேவையில்லை என்பதால் படங்களை எடுத்துவிட்டு, படத்தில் இருந்த விவரங்களை ஒரு மென்பொருளை வைத்து மொத்தமாக எழுத்தாக்கிச் சேர்த்தாள். குண்டாக இருந்த கையேடு பட்டினி கிடந்த ஆளாக இளைத்து வெளியே போனது. அப்டேட் பாராட்டினார். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் ஜன்னல் இருக்கைகூடக் கிடைத்தது.

கொஞ்ச நாள் கழித்துத் தங்கை அழைத்தாள்.

கையேட்டக்காவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. இருவரும் சேர்ந்து தலையணைக் கடை நடத்துகிறார்கள். உறைக்குள் பஞ்சு திணிப்பது தம்பி. கடைக்கு வருகிறவர்களுக்கு அவன் பஞ்சண்ணன். தைப்பதும் விற்பதும் சமூக ஊடகத்தில் கடையின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதும் தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள்; பேச்சு மட்டும் பெரிதாக இருக்கும். அன்றைக்கு அவள் பேச்சில் சுரத்தே இல்லை.

"அக்கா, நம்ம பக்கத்துல யாரோ ஒரு கருத்து போட்டிருக்காங்க. படிக்கிறேன், கேளு. 'தலையணை புஞ்சு. இரண்டே நாளில் சப்பை.'"

"என்னது? புஞ்சா?"

"ஆமா. புஞ்சு."

கையேட்டக்கா அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

இந்தச் சொல்லை நீங்கள் அகராதியில் தேட வேண்டாம், கிடைக்காது. தம்பி வாய் திருந்தாத வயதில் உண்டாக்கியது. உறவினர் வீட்டில் புசுபுசுவென்று ஒரு சோபா இருந்தது. பஞ்சு என்று நினைத்துத் தொப்பென்று போய் உட்கார்ந்தான். உள்ளே ஒன்றுமில்லை, நேராகப் பலகைதான். அடிபட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, "புஞ்சு! புஞ்சு!" என்று வீடே அதிர அழுதான். அன்றிலிருந்து இவர்கள் வீட்டில், பார்க்க உப்பலாக இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத எதுவானாலும் அது புஞ்சு. மாமா கொடுக்கும் வாக்குறுதி புஞ்சு. சின்னவளைப் பெண் பார்க்க வந்த ஒருவரை, அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவதற்குள், ஆள் புஞ்சு என்று அம்மா தள்ளிவிட்டாள். வீட்டு வாசலைத் தாண்டி அந்தச் சொல் போனதில்லை.

"வெளியாளுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் சின்னவள்.

"தெரியாது. அதான் யோசிக்கிறேன்."

மறுநாள் இன்னொன்று வந்தது. அதே வரி, வேறு கணக்கு. பிறகு அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு கணக்கும் அன்றுதான் பிறந்தது. முகப்படம் கிடையாது, நண்பர் கிடையாது, இந்த ஒரே ஒரு வரியைத் தவிர வேறு எழுத்து கிடையாது. யாரோ கள்ளக் கணக்காகத் தொடங்கித் தொடங்கி, ஒரே வரியைப் பிரதி எடுத்து ஒட்டுகிறார்கள். படிக்கிற வாடிக்கையாளருக்குப் புஞ்சு புரியாவிட்டால் என்ன, சப்பை புரியுமே! கேட்டு வந்த இரண்டு பேர் நைசாகக் கழன்றுகொண்டார்கள்.

சந்தேகம் என்றால் கையேட்டக்காவுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அந்த வார்த்தை தெரிந்தவர்கள் மொத்தமே நான்கு பேர். தான் எழுதவில்லை. சின்னவள் தன் கடைக்குத் தானே குழி பறிக்க மாட்டாள். அம்மாவுக்கு ஃபோனில் தட்டச்சு வராது, எதுவானாலும் குரலில் பதிந்து அனுப்புகிறவள். இருந்தாலும் விட்டுவிடலாமா? அம்மா குளிக்கப் போன நேரத்தில் ஃபோனை எடுத்துத் துருவினாள். அம்மா ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"என்னடி தேடுற?"

"ஒண்ணுமில்லம்மா. சார்ஜ் இருக்கான்னு பாத்தேன்."

அம்மா நம்பவில்லை. அந்தக் குடும்பத்தில் அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மிச்சம் இருந்தது தம்பி. அவனுக்குக் காரணமும் இருந்தது. சின்னவள் கொஞ்ச காலமாகப் பஞ்சுக்குப் பதில் மலிவான செயற்கை இழையை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் மூட்டையைப் பிரித்து ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, "இது சப்பையாயிடும், என் கையால இதைத் திணிக்க மாட்டேன்," என்று சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே கடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். சப்பை என்று அவன் சொல்கிறான், சப்பை என்று கருத்தும் சொல்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

ஆனாலும் கையேட்டக்கா தொழில் தெரிந்தவள். ஆதாரம் வேண்டுமென்று அலுவலகத்தில் கருவியைத் திறந்து, ஏஜென்ட்டிடம் அந்தக் கருத்துகளைக் கொடுத்துக் கேட்டாள்: இவற்றை எழுதியது பலரா, ஒருவரா?

பதில் உடனே வந்தது. 'கணக்குகள் பல, ஆனால் வரியை எழுதியவர் ஒருவரே. கடையை உள்ளிருந்து அறிந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். சுருக்கமாக எழுதுபவர். நிறுத்தக்குறிகளைத் தவறாமல் இடுபவர்.'

முதல் இரண்டு வாக்கியங்களோடு அவளுக்குப் போதுமாகிவிட்டது. ஒருவர், உள்ளிருந்து அறிந்தவர். கைப்பையை எடுத்துக்கொண்டு பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கடைக்குள் நுழைந்தால் எப்போதும் முதலில் தும்மல்தான் வரும். காற்றில் பஞ்சு மிதந்துகொண்டிருக்கும், மின்விசிறி இறக்கைகூட வெள்ளையாக நரைத்திருக்கும். ஒரு மூலையில் சின்னவள் தையல் இயந்திரத்தில் குனிந்திருந்தாள். இன்னொரு மூலையில் தம்பி மூக்கை மறைத்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு திண்டின் வாயை நீள ஊசியால் மூடிக்கொண்டிருந்தான். இமையெல்லாம் பஞ்சு. அக்காவைப் பார்த்ததும் துண்டை இறக்கிவிட்டுச் சிரித்தான்.

"என்னக்கா, இந்த நேரத்துல?"

"உன் ஃபோனைக் குடு."

"எதுக்கு?"

"குடுன்னா குடு."

கொடுத்தான். மேசையோரம் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கிரிக்கெட், பஞ்சு விற்கிறவரின் செய்திகள், அம்மாவின் குரல் பதிவுகள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

"அழிச்சிட்டியா?"

"எதை?"

"நடிக்காதடா. நம்ம பக்கத்துல புஞ்சு புஞ்சுன்னு எழுதுறது நீதானே?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. ஊசியைத் திண்டிலேயே குத்தி நிறுத்தினான்.

"நானா?"

"வேற யாரு? அந்த வார்த்தை யாருக்குத் தெரியும்? சப்பையாயிடும்னு யாரு சொன்னது?"

"சொன்னேன். இவ மூஞ்சிக்கு நேரா சொன்னேன். ஒளிஞ்சுகிட்டுச் சொல்ல எனக்கு என்ன பயம்?" என்றான். பிறகு குரலைத் தணித்துக் கேட்டான். "அக்கா, அந்த வார்த்தையை என் வாயால சொல்லி நீ எப்பவாவது கேட்டிருக்கியா?"

"பேச்சை மாத்தாத."

"மாத்தல. யோசிச்சுச் சொல்லு. நீங்க எல்லாரும் சொல்வீங்க. சோறு சாப்பிடும்போது சொல்வீங்க, விருந்தாளி போனதும் சொல்வீங்க, நான் அடிபட்டு அழுததை நடிச்சுக் காட்டிச் சிரிப்பீங்க. அன்னிக்கு அழுததுக்கப்புறம் நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொல்லியிருக்கேனா?"

கையேட்டக்கா யோசித்திருக்கலாம். யோசித்திருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் முடிவு கட்டிவிட்ட மனதுக்கு யோசனை எதற்கு?

"கருவி சொல்லுதுடா. எழுதினது ஒரே ஆள், கடையை உள்ளேயிருந்து தெரிஞ்ச ஆளுன்னு தெளிவா சொல்லுது."

"கருவி சொல்லுதா?" அவன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். சின்னவள் தலையை நிமிர்த்தவில்லை. தைக்காமல், சும்மா சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். "சரி. அப்ப கருவியே பஞ்சு திணிக்கட்டும்."

கடைச் சாவியை மேசைமேல் வைத்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். திண்டில் குத்தியிருந்த ஊசியை உருவி, நுனியில் ஒரு பொட்டு பஞ்சைச் செருகிச் சட்டைப் பையில் வைத்தான். போய்விட்டான். யாரும் கூப்பிடவில்லை.

ஊரைத் தாண்டி ஒரு மெத்தைத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, ஏன் போனான், என்ன நடந்தது என்று இரண்டு நாள் துளைத்து எடுத்தாள். கையேட்டக்கா அலுவலகத்தில் வேலை என்று நழுவினாள். சின்னவள் தானே பஞ்சு திணிக்கப் பார்த்தாள். ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் பள்ளம். தலையணையில் தலை வைத்தால் கழுத்து ஒரு திசைக்குப் போனது.

கருத்துகள் மட்டும் நிற்கவில்லை. அதே வரி, புதுப்புதுக் கணக்கு.

"அவனுக்கு இன்னும் ஆத்திரம் தீரல," என்றாள் கையேட்டக்கா.

ஒரு மாலை சின்னவள் கையேட்டக்காவின் வீட்டுக்கே வந்தாள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, விடுதிக்கு மொத்தமா தலையணை கேட்டிருந்தாங்களே, வேணாம்னுட்டாங்க. பக்கத்தைப் பாத்தாங்களாம்."

"அவன் நல்லா இருப்பானா?"

"அதான் கேக்க வந்தேன். அன்னிக்கு அண்ணன் ஃபோனை உன் கையில குடுத்தான்ல, அதைத் திருப்பி வாங்கவே இல்லக்கா. மேசை டிராயர்ல கிடக்கு. அதுவும் செத்துக் கிடக்கு. நேத்தும் இன்னிக்கும் வந்தது யாரு போட்டது?"

"வேற ஃபோன் வாங்கியிருப்பான்."

"இருக்கலாம்." சின்னவள் அவள் முகத்தையே பார்த்தாள். "இல்லாட்டி நாலு பேர்ல மிச்சம் யாருக்கா?"

கையேட்டக்காவுக்குச் சுருக்கென்றது. "என்னைச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. கணக்குப் பாத்தேன், அவ்வளவுதான்."

போய்விட்டாள். கையேட்டக்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வளர்த்த பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவளையா சந்தேகப்படுவது! ஆத்திரத்துக்கு நடுவில், தம்பிக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒன்று தலை நீட்டியது. அதைப் பிடித்து உள்ளே அழுத்திவிட்டாள். அவன் வேறு ஃபோன் வாங்கியிருப்பான், நிச்சயமாக வாங்கியிருப்பான்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு ஜிம் முதலாளி வந்திருந்தார். கருவியை வாங்கலாமா என்று பார்க்க வந்தவர். கதவில் இடிக்காமல் நுழைய அவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது. அப்டேட் எல்லாரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். "அக்கா, நீங்களும் வாங்க. உங்க வாசகர் படிக்கிறதை நேர்ல பாருங்க," என்றார் பெருமையாக.

சுவரில் பெரிய திரை. அப்டேட் ஏஜென்ட்டிடம் ஒரே ஒரு வரி சொன்னார்: இவருடைய ஜிம் பக்கத்தைக் கருவியோடு இணை. ஏஜென்ட் வேலையைத் தொடங்கியது. என்ன செய்கிறது என்பதைத் திரையில் எழுதிக்கொண்டே செய்தது. கையேட்டைத் திறக்கிறேன். முதல் படி முடிந்தது. இரண்டாம் படி முடிந்தது. கையேட்டக்கா கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட விழாவில் பெற்ற பிள்ளையைப் பார்க்கிறவளாகப் பூரித்து நின்றாள்.

மூன்றாம் படி: இணைப்புச் சோதனை. புதிய கணக்கு ஒன்றைத் தொடங்குகிறேன். எடுத்துக்காட்டுப் பக்கத்தைத் திறக்கிறேன்.

திரையில் தலையணைக் கடையின் பக்கம் விரிந்தது. முகப்பில் தம்பியின் படம். தலைக்குமேல் தலையணைகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்குக் கீழே, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எழுத்துகள் விழுந்தன.

'தலையணை புஞ்சு. இரண்டே நாளில் சப்பை.'

பக்கத்தில் கருத்துகளின் எண்ணிக்கை ஒன்று ஏறியது. பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. சோதனை வெற்றி.

"புஞ்சுன்னா என்ன?" என்றார் ஜிம் முதலாளி.

"சும்மா சாம்பிள் சார். அக்கா எழுதினது," என்றார் அப்டேட். "பாத்தீங்களா, எழுதினதை அச்சு பிசகாம செய்யுது!"

கையேட்டக்காவின் கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். சின்னவள். 'இன்னொண்ணு வந்திடுச்சு.'

எப்படி வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. இருக்கையில் உட்கார்ந்து பழைய கையேட்டையும் புதியதையும் பக்கம் பக்கமாகத் திறந்தாள். பழையதில் இப்படி இருந்தது: 'இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க, வேண்டுமானால் புதிய கணக்கு ஒன்றிலிருந்து உங்கள் பக்கத்தில் இதைப் போல ஏதாவது ஒரு கருத்தை எழுதிப் பார்க்கலாம். பிறகு அழித்துவிடலாம்.' கீழே தங்கையின் பக்கத்தைப் பிடித்த படம், அதில் அந்தக் கருத்து. கடை தொடங்கிய புதிதில் சின்னவள் தைத்த முதல் தலையணையைக் கேலி செய்ய, கையேட்டக்கா தானே எழுதிப் படம் பிடித்தது. இரண்டு பேரும் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு கருத்தை அழித்துவிட்டார்கள். மூன்று வருடத்தில் அதை மறந்தும் போனார்கள். படம் மட்டும் கையேட்டில் நின்றுவிட்டது.

புதியதில் இப்படி இருந்தது: 'புதிய கணக்கு ஒன்றிலிருந்து எடுத்துக்காட்டுப் பக்கத்தில் இந்தக் கருத்தை எழுதவும்.' பக்கத்தின் முகவரி. கருத்து. முடிந்தது. 'வேண்டுமானால்' இல்லை, 'போல' இல்லை, 'ஏதாவது' இல்லை. அழித்துவிடலாம் என்பதும் வழவழா கொழகொழா என்று போய்விட்டது. கருவியை வாங்கிய ஒவ்வொருவரின் ஏஜென்ட்டும் முதல் வேலையாகத் தலையணைக் கடைக்குப் போய்க் குத்திவிட்டு, வெற்றி என்று டிக் போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறது. தேடு நீக்கு, தேடு நீக்கு என்று வெட்டித் தள்ளினாளே தவிர, வெட்டிய பிறகு ஒரு தடவை படித்துப் பார்க்கவில்லை. யாரும் என் கையேட்டைப் படிப்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்பியவள், தானே படிக்கவில்லை.

எழுதியவர் ஒருவரே. கடையை உள்ளிருந்து அறிந்தவர். நிறுத்தக்குறிகளைத் தவறாமல் இடுபவர். தம்பி ஜென்மத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்ததில்லை. மூச்சு வாங்க நேரம் விடாமல் எழுதுகிறவன். கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அவளைத்தான் சொல்லியிருக்கிறது.

அந்த வரியை அப்போதே எடுத்தாள். அப்டேட்டிடம் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "நல்லவேளை, ஏஜென்ட் மேல தப்பில்லக்கா," என்றார். அவருடைய கவலை அவருக்கு. போட்டிருந்த கருத்துகளையெல்லாம் திரும்பப் பெறச் சொல்லி எல்லாருக்கும் செய்தி போனது. சின்னவளை அழைத்து மூச்சு விடாமல் நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

"அண்ணன்கிட்ட யாரு சொல்றது?" என்றாள் சின்னவள் கடைசியில்.

"நான்தான்."

தொழிற்சாலைக்குப் போகும் பேருந்தில் முழு வழியும் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனாள். எழுதத் தெரிந்தவள் அல்லவா? எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் அவன் கையைப் பிடிப்பது எல்லாம் தயார். மதியச் சாப்பாட்டு நேரம். வாசலுக்கு வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சில் அவன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தான். இங்கேயும் இமையில் பஞ்சு. அவளைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கவும் இல்லை. அவள் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னாள். ஏஜென்ட், மூன்றாம் படி, பச்சை டிக் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு அவள் தயாரித்து வந்ததைத் தொடங்கினாள்.

"பாருடா, எல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்கே தெரியாம, ஏதோ ஒரு வகையில நானும் ஒரு காரணம் மாதிரி ஆயிட்டேன். அந்தக் கருவியும் அப்படிச் சொல்லி என்னைக் குழப்பிடுச்சு. முடிஞ்சா மனசுல எதுவும் வெச்சுக்காத. நான் வேணும்னா சின்னவளையும் பேசச் சொல்றேன். உன்னைத் தப்பா நினைச்ச மாதிரி உனக்குத் தோணியிருந்தா..."

தம்பி கையை உயர்த்தினான். அவள் நிறுத்தினாள்.

"புஞ்சு," என்றான்.

அந்தச் சோபாவில் அடிபட்டு அழுத நாளுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. மேலே உப்பல், உள்ளே ஒன்றுமில்லை. அவள் அத்தனை தூரம் பேருந்தில் சுமந்து வந்தது அதுதான்.

"அந்த எந்திரம் நீ எழுதினதை நம்புச்சு," என்றான் அவன். "அதுக்கு உன்னைத் தெரியாது, என்னைத் தெரியாது, நம்பிட்டுப் போகட்டும். எந்திரம் சொன்னதை நீ நம்புன. அதையும் விடு. நடுவுல நான் ஒருத்தன் வாயைத் திறந்து சொன்னேனே, அதை யாருக்கா நம்புனா?"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஏஜென்ட்டுக்கு எழுதும்போது வெட்டித் தள்ளிய சொற்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கூடப் பிறந்தவனிடம் கொட்டியிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"உன்னைச் சந்தேகப்பட்டேன்," என்றாள். "எந்திரத்தைக் கேக்கறதுக்கு முன்னாடியே நீதான்னு முடிவு பண்ணிட்டேன். அது வேற யார் பேரைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அந்த வார்த்தையை நீ சொன்னதே இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்னை அனுப்பினேன். தப்பு என்னோடதுடா."

தொழிற்சாலைக்குள் சங்கு ஊதியது. தம்பி உடனே எழுந்திருக்கவில்லை. அவளைப் பார்க்காமல் டப்பாவின் மூடியைத் திறந்து மறுபடி மூடினான். துண்டை எடுத்து மூக்குக்குமேல் கட்டப் போனவன், பாதியில் நிறுத்தினான்.

"என் ஃபோன் கடையிலதான் கிடக்குதா?"

"டிராயர்ல இருக்கு. செத்துக் கிடக்காம்."

"சின்னவகிட்டச் சொல்லி சார்ஜ்ல போட்டு வைக்கச் சொல்லு," என்றான். துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.